தயாரிப்பு நின்றுபோன மதர்போர்டுக்கு மாற்று: எதைப் பார்த்து வாங்குவது, எதற்குக் காசு கொட்டக்கூடாது

"அந்த மொடல் இப்ப வர்றதில்ல தம்பி." ஹட்டனில் கேட்டாலும் பண்டாரவளையில் கேட்டாலும் நுவரெலியாவில் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும், அதில் கடைக்காரர் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. மதர்போர்ட் என்பது கொம்பியூட்டருக்குள் மற்றச் சாமான் எல்லாம் மாட்டுகிற பெரிய பலகை, அதில் ஒரு மொடல் புதிதாகக் கடையில் கிடைப்பது சில வருடம்தான், பிறகு கம்பனி அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். ஆனால் அதில் குந்தியிருக்கிற பிரொசஸர் லேசில் சாகாது, ரேமும் சாகாது. ஏழெட்டு வருடம் கழித்து ஒரு மின்னலுக்கோ, ஒரு மட்டமான பவர் சப்ளைக்கோ போர்ட் மட்டும் போய்விடும், மற்றதெல்லாம் நல்லபடியாக மேசையில் கிடக்கும். அப்போதுதான் எல்லோரும் அதே பெயர், அதே நிறம், அதே மொடலைத் தேடி அலைய ஆரம்பிக்கிறார்கள்.

அலைய வேண்டாம். தேடவேண்டியது பழைய போர்டின் இரட்டைப் பிள்ளையை இல்லை, உங்களிடம் உயிரோடு மிஞ்சியிருக்கிற சாமான்களுக்குப் பொருந்துகிற ஒரு போர்டை. இன்டெல் கம்பனியே ஒரு காலத்தில் தன் பெயரில் டெஸ்க்டொப் மதர்போர்ட் செய்தது, 2013 ஜனவரியில் அந்த வேலையை விடப்போவதாக அறிவித்தது. இன்றைக்கு அந்த இன்டெல் போர்ட் செத்தால் இன்னொரு இன்டெல் போர்ட்தான் வேண்டும் என்று யாரும் நிற்கத் தேவையில்லை, அதே சொக்கெட் (பிரொசஸர் உட்காருகிற இடம்) உள்ள ஆசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ எதுவும் அந்த வேலையைச் செய்யும்.

முதலில், போர்ட் செத்தது நிச்சயம்தானா?

இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் போர்ட் போய்விட்டது என்று முடிவெடுத்த பல கேஸ்களில் போனது வேறொன்று.

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றிவிட்டு நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது பவர் சப்ளையை. தெரிந்தவர் ஒருவரிடம் நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: கிராஃபிக்ஸ் கார்ட், ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி சாமான்கள், எல்லாம். பிரொசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், இவ்வளவுதான் மிஞ்சவேண்டும். பிரொசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்தால் மொனிட்டரைப் போர்டிலேயே செருகுங்கள். இன்டெல்லில் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, ரைசன் 5000 வரைக்கும் ஜி எழுத்து இல்லாதவற்றிலும் இல்லை. அந்தப் பிரொசஸர்களுக்கு கார்டைப் போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நல்ல போர்டும் இருட்டுத் திரைதான் காட்டும்.

அடுத்தது நாணயம் மாதிரி இருக்கிற பட்டரி, சிஆர்2032. விலை சொற்பம், எந்த டவுனிலும் மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும், மாற்றிப் பாருங்கள். அப்புறம் ஒரு நல்ல சோதனை உண்டு: கேசிங்கில் வருகிற குட்டி ஸ்பீக்கரை போர்டில் செருகிவிட்டு, ரேமைச் சுத்தமாகக் கழற்றி பவர் கொடுங்கள். பீப் பீப் என்று கத்தினால் போர்டும் பிரொசஸரும் உயிரோடுதான் இருக்கின்றன, ரேம் இல்லையே என்று முறையிடுகிற சத்தம் அது. உங்கள் பிரச்சினை ரேமிலோ, அதன் சொக்கெட்டிலோ, கார்டிலோ இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் மட்டும் சந்தேகம் போர்ட் பக்கம் பலமாகத் திரும்பும்.

நம் பக்கத்தில் சித்திரை மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மின்னலுக்குப் பிறகுதான் அதிகமாகப் போர்ட் போகிறது. மின்னல் கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை, ரவுட்டரிலிருந்து வருகிற லேன் வயராலும் வரும். அப்படி வந்தால் பல தடவை லேன் பகுதி மட்டும்தான் கருகும். கொம்பியூட்டர் ஓன் ஆகிறது, கேம் ஓடுகிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை என்றால் போர்டை மாற்றவே வேண்டாம், ஒரு யூஎஸ்பி லேன் அடப்டரோ போர்டிலேயே செருகுகிற பிசிஐஇ லேன் கார்டோ போதும். சவுண்ட் மட்டும் போயிருந்தால் யூஎஸ்பி சவுண்ட் கார்ட். சின்னச் செலவில் முடிகிற விஷயம்.

பயோஸ் (ஓன் செய்ததும் முதலில் ஓடுகிற, போர்டுக்குள்ளேயே இருக்கிற மென்பொருள்) கெட்டுப்போய் எழும்பாமல் நிற்கிற போர்டும் உண்டு. லெப்டொப் போர்ட் ரிப்பேர் செய்கிற டெக்னீஷியன்களிடம் பயோஸ் சிப்பில் புதிதாக எழுதுகிற கருவி இருக்கும். எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சிப், அதில் கம்பனியின் ஃபைலை எழுதிக் கொடுப்பார்கள். கபாசிட்டர் தலை வீங்கியிருந்தால் அதையும் மாற்றலாம். வேறு போர்ட் வாங்கும் முன் ஒருமுறை அவர்களிடம் காட்டிக் கேட்பதில் நட்டமில்லை.

ஒன்று கண்டிப்பாக: பழைய போர்டைக் கொன்றது பவர் சப்ளையாக இருந்தால், மாற்றுப் போர்டையும் அதுவே கொல்லும். கேசிங்கோடு இலவசமாக வந்த, தூக்கினால் கனமே இல்லாத பவர் சப்ளையில் கேமிங் கார்ட் ஓட்டியிருந்தீர்கள் என்றால், போர்டுக்கு ஒதுக்கிய காசில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்குங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

பிரொசஸரின் பெயர் மேல் தகட்டிலேயே பொறித்திருக்கும். பசையைத் துணியால் துடைத்து, போன் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ரேம் ஸ்டிக்கரில் டிடிஆர்3 அல்லது டிடிஆர்4 என்று இருக்கும், சில ஸ்டிக்கரில் பிசி3, பிசி4 என்றிருக்கும், அதுவும் அதேதான். பழைய போர்டின் மொடல் பெரும்பாலும் கார்ட் செருகுகிற நீளச் சொக்கெட்டுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். போர்டின் நீள அகலத்தையும் அளந்துவிடுங்கள்: 305க்கு 244 மில்லிமீட்டர் என்றால் ஏடிஎக்ஸ், 244க்கு 244 என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ். மைக்ரோ போர்ட் பெரிய கேசிங்குக்குள் போகும், பெரிய போர்ட் சின்னக் கேசிங்குக்குள் போகாது.

இனி சொக்கெட் கதை. இதைப் பொறுமையாக வாசியுங்கள், காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்டெல் 2ஆம், 3ஆம் தலைமுறை (ஐ5-2400, ஐ5-3470 மாதிரி) எல்ஜிஏ 1155. இதற்கு எச்61, பி75, எச்77, இசட்77 போர்டுகள். இந்தப் பெயர்கள் சிப்செட்டின் பெயர்கள், பிரொசஸரை மற்றச் சாமான்களோடு இணைக்கிற சிப் அது. எல்லோரும் எச்61தான் விற்பார்கள், ஏனென்றால் அதுதான் மலிவு. கிடைத்தால் பி75 எடுங்கள். எச்61இல் வேகமான சாட்டா (டிஸ்க் மாட்டுகிற இணைப்பு) 6 ஜிகாபிட் கிடையாது, எஸ்எஸ்டி போட்டால் பாதி வேகத்தில்தான் ஓடும், பி75இல் அது ஒன்றாவது உண்டு, யூஎஸ்பி 3.0உம் சிப்செட்டிலேயே உண்டு. 3ஆம் தலைமுறைப் பிரொசஸரை பழைய எச்61இல் போடுவதென்றால் பயோஸ் புதியதா என்று கேட்கவேண்டும்.

4ஆம் தலைமுறை (ஐ5-4460, ஐ7-4790 கூட்டம்) எல்ஜிஏ 1150. எச்81, பி85, எச்87, இசட்87, எச்97, இசட்97. நம் பக்கத்துக் கேமிங் பிசிகளில் இன்னும் நிறைய இந்தத் தலைமுறைதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களிடம் இருந்தது இசட்97 போர்டும் 4790கே பிரொசஸரும் என்று வையுங்கள். கடையில் எச்81 ஒன்றை நீட்டி "இதுவும் அதே சொக்கெட்தான்" என்பார்கள். அது உண்மை, ஓடும். ஆனால் நான்கு ரேம் போட்டிருந்தால் இரண்டு வெளியே வந்துவிடும், எச்81இல் இரண்டு இடம்தான், அதிகபட்சம் 16 ஜிபி. கார்ட் சொக்கெட் பிசிஐஇ 3.0 இல்லை, 2.0. ஓவர்கிளொக் (பிரொசஸரைக் கம்பனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) அநேகமாகப் போய்விடும். பிரொசஸருக்கு கரண்ட் கொடுக்கிற பகுதி (வீஆர்எம் என்பார்கள், பிரொசஸருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்களாக வரிசையாக நிற்கும்) மலிவான எச்81 போர்டுகளில் ஹீட்சிங்க் இல்லாமல் மொட்டையாக இருக்கும், 4790கே மாதிரி 88 வொட் பிரொசஸரை அரை மணித்தியாலம் கேமில் வேலை வாங்கினால் சூடேறி வேகத்தைக் குறைத்துவிடும். அதே காசுக்கோ கொஞ்சம் கூடவோ ஒரு பி85 கிடைத்தால் ரேம் இடமும், பிசிஐஇ 3.0உம், நான்கு வேகமான சாட்டாவும் கிடைக்கும். ஓவர்கிளொக் செய்யாத ஆளுக்கு இசட்97க்குச் சரியான மாற்று என் கணக்கில் பி85 அல்லது எச்97தான், இசட்97 என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற காசு வீண். ஒன்று மட்டும்: 4790கே, 4690 போன்ற பிற்காலத்துப் பிரொசஸர்களுக்கு 80 வரிசைப் போர்டுகளில் (எச்81, பி85, இசட்87 மாதிரி) பயோஸ் புதுப்பித்திருக்க வேண்டும். 90 வரிசையில் அந்தக் கவலை இல்லை.

அடுத்தது எல்ஜிஏ 1151, இதில் ஒரு பொறி இருக்கிறது. 6ஆம், 7ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசைப் போர்டுகள் (எச்110, பி150, பி250, இசட்170, இசட்270). 8ஆம், 9ஆம் தலைமுறைக்கு 300 வரிசை (எச்310, பி360, பி365, இசட்370, இசட்390). இரண்டுக்கும் சொக்கெட் எண் 1151தான், பிரொசஸர் சரியாக உட்காரும், மூடியும் மூடும், ஆனால் ஓடாது. விளம்பரத்தில் "1151 போர்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் நம்பி வாங்காதீர்கள், சிப்செட் பெயரைக் கேளுங்கள். எச்110இல் சில மொடல் டிடிஆர்3, சில மொடல் டிடிஆர்4, அதையும் கேட்கவேண்டும்.

10ஆம், 11ஆம் தலைமுறை எல்ஜிஏ 1200. 10ஆம் தலைமுறை எல்லாவற்றிலும் ஓடும், 11ஆம் தலைமுறை எச்410, பி460 போர்டுகளில் ஓடாது, எச்510, பி560 எடுக்கவேண்டும். 12, 13, 14 எல்ஜிஏ 1700, அதற்கு இன்னும் போர்ட் தாராளமாகக் கிடைக்கிறது, டிடிஆர்4 போர்டா டிடிஆர்5 போர்டா என்பதை மட்டும் உங்கள் ரேமுக்கு ஏற்றபடி பாருங்கள்.

ஏஎம்டி ரைசன் வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம். ஏஎம்4 சொக்கெட்டில் 2017இல் வந்த ரைசன் 1000 முதல் 5000 வரை எல்லாம் இருக்கிறது, போர்டும் புதிதாகவே கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது இரண்டு. ரைசன் 1000, 2000 வைத்திருந்தால் பி550 எடுக்காதீர்கள், அதிகாரபூர்வமாக ஆதரவில்லை, பி450தான் சரி. ரைசன் 5000ஐ பி450இல் போடுவதென்றால் பயோஸ் புதுப்பித்த போர்டாக இருக்கவேண்டும், கடையிலேயே புதுப்பித்துத் தரச்சொல்லி வாங்குங்கள். அதற்கு முந்தைய எஃப்எக்ஸ் பிரொசஸர்கள் (ஏஎம்3+) வைத்திருப்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன், அந்தச் சொக்கெட்டுக்கு இனிக் காசு போடாதீர்கள். 8350 மாதிரி 125 வொட் இழுக்கிற பிரொசஸரைத் தாங்குகிற நல்ல போர்ட் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் அந்தப் பிரொசஸர் இன்றைய கேம்களுக்கு ஈடுகொடுக்காது.

எந்தப் போர்டை முடிவு செய்தாலும், கம்பனியின் சொந்தத் தளத்தில் அந்த மொடலைத் தேடி, பிரொசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, உங்கள் பிரொசஸர் பெயரும் அதற்கு வேண்டிய பயோஸ் எண்ணும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கவேண்டும். மொடல் பெயரின் கடைசியில் வருகிற ரெவிஷன் எண்ணையும் பாருங்கள், ரெவ் 1.0க்கும் ரெவ் 2.0க்கும் பட்டியல் மாறும்.

எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்தில் கடை கடையாக ஏறி இறங்கலாம், கண்டியிலும் கடைகள் உண்டு, ஆனால் நின்றுபோன மொடல்கள் பெரும்பாலும் இக்மன் இணையத்தள விளம்பரத்திலும் ஃபேஸ்புக்கிலும்தான் வரும். அங்கே மூன்று வகை இருக்கிறது.

ஒன்று, பெயர் கேள்விப்படாத பிராண்டில் "புத்தம் புதிய" எச்61, எச்81 போர்ட். பழைய சிப்செட்டுகளை வைத்துப் புதிதாகச் செய்தவை. வாரண்டி தருவார்கள், அது நல்ல விஷயம்தான். ஆனால் வீஆர்எம் பலவீனம், பயோஸ் புதுப்பிப்புக்கு ஒழுங்கான தளம் இருக்காது. ஐ3, ஐ5 போட்டு சாதாரணக் கார்டோடு ஓட்ட எடுக்கலாம், ஐ7க்கும் ஓவர்கிளொக்குக்கும் எடுக்கவேண்டாம். எக்ஸ்79, எக்ஸ்99 என்று சர்வர் பிரொசஸரோடு சேர்த்து விற்கிற செட்டுகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும்.

இரண்டு, வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து கொண்டுவந்து பிரித்து விற்கிற டெல், எச்பி போர்டுகள். விலை ஆசை காட்டும். உங்கள் கேசிங்குக்கு இவை வேண்டாம். டெல் ஒப்டிப்ளெக்ஸ் 3020, 7020, 9020 போர்டுகளுக்கு சாதாரண 24 பின் பவர் இல்லை, 8 பின் சின்ன இணைப்பு. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1க்கு 6 பின். முன்பக்க பட்டன் வயரும் அவர்களுடைய சொந்த அமைப்பு. மாற்று வயர் விற்கிறார்கள், ஓட்டவும் முடியும், ஆனால் துளை பொருந்தவில்லை, பின்பக்கத் தகடு பொருந்தவில்லை, ஃபேன் எரர் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். அதேமாதிரி, உங்கள் பழைய பிசியே ஒரு டெல் டவர் என்றால், அதற்குள் சாதாரணப் போர்ட் போடும் யோசனையை விட்டுவிட்டு அதே டெல் மொடல் போர்டைத்தான் தேடவேண்டும். அதே மொடல்தான் வேண்டும் என்று நிற்கவேண்டிய ஒரே இடம் அது.

மூன்று, யாரோ பாவித்துவிட்டு விற்கிற ஆசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஸ்ரொக் போர்ட். நான் முதலில் தேடுவது இதைத்தான். நல்ல பிராண்டின் பாவித்த பி85, பெயர் தெரியாத புது எச்81ஐ விட மேல்.

பாவித்ததை வாங்கும்போது படம் கேளுங்கள், அதுவும் விளம்பரத்துப் படம் இல்லை, இன்றைக்கு எடுத்த படம். இன்டெல் போர்ட் என்றால் சொக்கெட்டை மூடியைத் திறந்து, டோர்ச் பக்கவாட்டில் அடித்து எடுத்த நெருக்கப் படம் வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பின்கள் ஒழுங்காகச் சாய்ந்து நிற்கும், சாய்ந்த வெளிச்சத்தில் அவற்றின் நுனிகள் வரிசை வரிசையாக மினுங்கும். ஒரு பின் வளைந்திருந்தால் அந்த இடத்தில் மினுக்கம் அறுந்து தெரியும். அப்படி ஒரு இடம் தெரிந்தால், ஓடுகிறது என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் விடுங்கள். ஒரே ஒரு பின் வளைந்தாலே ஒரு ரேம் சொக்கெட் முழுக்க வேலை செய்யாமல் போகலாம், அது வாங்கிய பிறகுதான் தெரியும். ஏஎம்4இல் பின் பிரொசஸரில் இருப்பதால் அங்கே போர்டை விட பிரொசஸரைத்தான் திருப்பிப் பார்க்கவேண்டும்.

போர்டின் பின்புறப் படத்தையும் கேளுங்கள். கீறல், சோல்டர் செய்த தடம், பச்சை பூத்த இடம். நுவரெலியா, தலவாக்கலை, நானுஓயா பக்கத்து ஈரத்தில் மாதக்கணக்கில் மூலையில் கிடந்த போர்டின் யூஎஸ்பி வாய்களும் திருகாணித் துளைகளும் துருப்பிடித்து மங்கியிருக்கும். அது அழகுப் பிரச்சினை மட்டுமில்லை, அதே ஈரம் சிப்புகளின் கால்களிலும் வேலை செய்திருக்கும். குளிர் ஊரில் ஓடிய போர்ட் சூட்டால் கெட்டிருக்காது என்று சிலர் சொல்லி விற்பார்கள், அது சரிதான், ஆனால் குளிர் காப்பாற்றியதை ஈரம் தின்றிருக்கும்.

அப்புறம், வீடியோ. ஓன் செய்வது, பயோஸ் திரை, அதில் எல்லா ரேம் சொக்கெட்டிலும் ரேம் தெரிவது, இவ்வளவையும் ஒரே ஓட்டமாக எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். செக்கிங் வாரண்டி (ஓட்டிப் பார்த்து, சரியில்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கிற தவணை) எத்தனை நாள் என்று கேட்டு, பதிலை மெசேஜில் எழுத்தாக வாங்கிவையுங்கள். ஒரு வாரமாவது இல்லாமல் நான் வாங்கமாட்டேன். பின்பக்கத் தகடு, கம்பனிக்காரர்கள் ஐஓ ஷீல்ட் என்பது, அதையும் சேர்த்துக் கேளுங்கள், பிறகு தனியாகத் தேடினால் கிடைக்காது.

பஸ்ஸில் பார்சல் போடுவதாக இருந்தால் சொக்கெட் மேல் அந்தப் பிளாஸ்டிக் மூடி இருக்கவேண்டும், ஸ்டேட்டிக் பை, அதற்குமேல் ரெஜிஃபோம், பிறகு பெட்டி. பத்திரிகைத் தாளில் சுற்றிய போர்ட் கினிகத்தேனை வளைவுகளைத் தாண்டி வருவதற்குள் பின் வளைந்துவிட்டால் யாரிடம் கேட்பது? முடிந்தால் ஒரு நாள் ஒதுக்கி நேரில் போய், ஓட விட்டுப் பார்த்து வாங்குங்கள், பஸ் காசு பெரிதில்லை.

பழையதற்குக் காசு போடுவதை எப்போது நிறுத்துவது

என்னுடைய கணக்கு எளிமையானது. மாற்றுப் போர்டின் விலை (வரவழைக்கிற செலவோடு), இன்றைக்கு ஒரு மலிவான புதுப் போர்டும் பிரொசஸரும் சேர்ந்து ஆகிற விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் பழைய சொக்கெட்டை விட்டுவிடுங்கள். நின்றுபோன மொடல்களில் விலை தாறுமாறாக இருக்கும். தேவைப்படுபவர் கொடுப்பார் என்று தெரிந்து இசட்77, இசட்97 போர்டுகளுக்கு யானை விலை சொல்வார்கள்.

உங்களிடம் டிடிஆர்4 ரேம் இருந்தால் தாவுவது சுலபம், ஏனென்றால் ரேம் கூடவே வரும். ஐ3-12100எஃப் பிரொசஸரும் டிடிஆர்4 எச்610 போர்டும், அல்லது ரைசன் 5 5600உம் பி450 அல்லது பி550 போர்டும், இந்த இரண்டு ஜோடியும் வேகத்தில் 4790கேயைத் தாண்டும். 12100எஃப் நான்கு கோர்தான், ஆனாலும் தாண்டும். டிடிஆர்3 வைத்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம், ரேமும் புதிதாக வேண்டும், 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் உலகம் பூராவும் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. அதனால் 4ஆம் தலைமுறை ஐ7 வைத்திருப்பவர் நியாயமான விலையில் ஒரு பி85 கிடைத்தால் போட்டு இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவதே புத்தி என்று நினைக்கிறேன். 2ஆம், 3ஆம் தலைமுறை ஐ5க்கு அந்த யோசனையும் வேண்டாம், ரொம்ப மலிவாகக் கிடைத்தால் தவிர.

ஏஎம்டியின் அடுத்த சொக்கெட்டான ஏஎம்5க்குப் போவதென்றால் டிடிஆர்5 மட்டும்தான், வேறு வழி கிடையாது. இன்றைய ரேம் விலையில் அதற்கு நான் யாரையும் தள்ளமாட்டேன்.

விண்டோஸ் விஷயமும் இந்த முடிவுக்குள் வருகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும், இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 முதல் மேலேயும் வேண்டும். குறுக்கு வழியில் பழையதிலும் ஏற்றலாம், ஆனால் விண்டோஸ் 11இல் வெலொரன்ட் விளையாட டிபிஎம் 2.0உம் செக்கியூர் பூட்டும் கேட்கும். நீங்கள் விளையாடுவது அதுதான் என்றால் பழைய போர்டில் காசு போடுவதற்கு முன் இதை நன்றாக யோசியுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டையும் பாருங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு பிசிஐஇ பாதை மட்டுமே பாவிக்கிற கார்ட், பிசிஐஇ 4.0 போர்டில் நன்றாக ஓடும், 3.0இல் வேகம் விழும், எச்61 மாதிரி 2.0இல் பரிதாபம். இன்டெல் ஆர்க் கார்ட் வைத்திருந்தால் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிரொசஸர் ஒரே தடவையில் எட்டவிடுவது) வசதியுள்ள போர்ட் வேண்டும், இன்டெல் 10ஆம் தலைமுறை அல்லது ரைசன் 3000 முதல் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். 1060, 1650, ஆர்எக்ஸ் 580 இவற்றுக்கு இந்தத் தலைவலி இல்லை.

மாட்டும்போது

குளிர் நாளில் பஸ்ஸில் வந்த போர்டை அடுப்புச் சூடு இருக்கிற வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே பவர் கொடுக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத நீர் படியும். பையைத் திறக்காமல் சில மணித்தியாலம் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு தொடுங்கள்.

கேசிங்குக்குள் போடும் முன் அட்டைப் பெட்டி மேல் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே எழும்பி, கேசிங்குக்குள் எழும்பாவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பழைய போர்டுக்காகப் போட்ட பித்தளைத் தூண் ஒன்று, புதிய போர்டில் துளை இல்லாத இடத்தில் நின்று பின்புறத்தைத் தொட்டு ஷோர்ட் ஆக்குகிறது. ஏடிஎக்ஸிலிருந்து மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு மாறுகிறவர்கள் தூண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, தேவையில்லாததைக் கழற்றவேண்டும்.

கூலர் பற்றிச் சுருக்கமாக: எல்ஜிஏ 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றுக்கும் துளை இடைவெளி 75 மில்லிமீட்டர், அதனால் பழைய கூலர் அப்படியே வரும். 1700க்கு 78, வேறு பிராக்கெட் வேண்டும். பிரொசஸர் பவர் 4 பின்னா 8 பின்னா என்று பாருங்கள், 8 பின் சொக்கெட்டில் 4 பின் வயர் போட்டாலும் ஓடும், ஆனால் ஐ7க்கு அப்படி ஓட்டாதீர்கள். முன்பக்க பட்டன் வயர்களை மாட்டுகிற ஒழுங்கு போர்டுக்குப் போர்ட் மாறும், கம்பனித் தளத்திலிருந்து அந்த மொடலின் கையேட்டை போனில் இறக்கிவைத்துக்கொண்டு மாட்டுங்கள்.

பழைய டிஸ்கை அப்படியே போட்டால் விண்டோஸ் பெரும்பாலும் எழும்பும். எழும்பாவிட்டால் பயோஸில் யூஈஎஃப்ஐ, லெகசி என்ற தெரிவை மாற்றிப் பாருங்கள், பழைய போர்டில் எந்த முறையில் ஏற்றினீர்களோ அதே முறை வேண்டும். லைசன்ஸ் போர்டோடு கட்டியிருப்பதால் அக்டிவேஷன் போகலாம். தனியாக வாங்கிய லைசன்ஸை மைக்ரோசொஃப்ட் அக்கவுண்டோடு முன்கூட்டியே இணைத்திருந்தால் மீட்கலாம், பிசியோடு வந்த ஓஈஎம் லைசன்ஸ் புதுப் போர்டுக்கு வராது. விண்டோஸ் 11இல் டிஸ்க் பூட்டியிருந்தால் போர்ட் மாறியதும் பிட்லொக்கர் மீட்புச் சாவி கேட்கும், அதையும் அதே அக்கவுண்டில் வேறொரு போனிலிருந்து பார்த்து எழுதிவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

செக்கிங் வாரண்டி நாட்களை வீணாக்காதீர்கள். முதல் நாளே எல்லா ரேம் இடத்திலும் ரேம் போட்டு, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு இரவு ஓடவிடுங்கள். ஒவ்வொரு யூஎஸ்பி வாயிலும் பென் டிரைவ், ஒவ்வொரு சாட்டாவிலும் டிஸ்க், லேன், சவுண்ட், எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பிறகு கனமான கேம் ஒன்றை ஒரு மணித்தியாலம் ஓட்டி, எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் பிரொசஸரின் வேகம் நடுவில் விழுகிறதா என்று கவனியுங்கள். சூடு அதிகமில்லாமல் வேகம் மட்டும் விழுந்தால் சந்தேகம் வீஆர்எம் மேல்தான். அதை வீடியோ எடுத்து, நாள் முடிவதற்குள் விற்றவருக்கு அனுப்பி, மாற்றித் தரச்சொல்லுங்கள். இடி முழங்க ஆரம்பித்தால் கரண்ட் வயரோடு லேன் வயரையும் சேர்த்துக் கழற்றிவையுங்கள், யூபிஎஸ் இருந்தாலும் சரி.